அப்பாவைப் புதிய கல்லீரல் மருந்தின் தொடக்கக் கட்ட ஆய்வில் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 57 வயது. கோத்தகிரிக்கு அருகே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். குடிப்பழக்கம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. கொழுப்புக் கல்லீரல் முற்றி, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் சென்ற ஆண்டு 18 கிலோபாஸ்கல் வந்ததால் கல்லீரல் சுருக்கம் தொடங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை ஆகியவை இதுவரை வந்ததில்லை. கோவையில் அவரைப் பார்க்கும் மருத்துவர், ஒரு புதிய மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் தொடக்கக் கட்ட ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார். மருந்து பாதுகாப்பானதா, அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறோமா என்பவை நீங்கள் எழுதிய கேள்விகள். கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: வேண்டாம் என்று சொல்லி, அவருக்குக் கிடைக்கவேண்டிய மருந்தைத் தடுத்த பாவம் எனக்கு வந்துவிடக் கூடாது என்று. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றிச் சில வார்த்தைகள். நான் பொது மருத்துவம் படித்தவன். சமவெளியில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் மருந்து ஆய்வுகளில் துணை ஆய்வாளராக இருந்தேன்; அவற்றில் நான்கு கல்லீரல் நோய் தொடர்பானவை. இப்போது குன்னூரில் நோயாளிகளைப் பார்க்கிறேன். கல்லீரல் சிறப்பு மருத்துவர் அல்லேன். உங்கள் அப்பாவை நேரில் பரிசோதித்ததில்லை; அந்த மருந்து எது என்பதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. எனவே சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எதை எதோடு வைத்து எடைபோட வேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

தொடக்கக் கட்ட ஆய்வு என்பது உங்கள் அப்பாவைக் குணப்படுத்துவதற்காக வகுக்கப்பட்டதன்று. எந்த அளவு வரை மனித உடல் தாங்குகிறது, மருந்து ரத்தத்தில் எத்தனை மணி நேரம் நிற்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, என்னென்ன தொல்லை தருகிறது என்ற கேள்விகளுக்கு விடை காண்பதற்காகவே அது நடத்தப்படுகிறது. நோய் குறைகிறதா என்பதையும் பார்ப்பார்கள். ஆனால் அது துணைக் கேள்வியாகவே இருக்கும். பரிவுள்ள மருத்துவர்கள்கூடப் பேச்சுவாக்கில் ஆய்வையும் சிகிச்சையையும் ஒன்றாகக் கலந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். புதிய மருந்து என்று நாம் சொல்லும்போது, நோயாளியின் காதில் அது நல்ல மருந்து என்று விழுகிறது. உங்கள் அப்பா மறுத்தால், இருக்கிற சிகிச்சை எதுவும் அவரைவிட்டுப் போகாது. அந்த மருந்து பிற்காலத்தில் நல்லது என்று நிரூபணமானாலும், அவருக்கு இந்த ஆய்வில் கிடைத்திருக்கக்கூடியது சில நாட்களோ சில வாரங்களோ, பெரும்பாலும் மிகக் குறைந்த அளவிலோ, அல்லது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையாகவோதான் இருந்திருக்கும். ஆகவே மறுப்பதில் பாவம் எதுவும் இல்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்து, மருத்துவரிடம் நீங்கள் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, இது எந்த வகையான தொடக்க ஆய்வு என்பது. மனிதருக்கு முதன்முறையாகக் கொடுப்பது ஒரு வகை. அது வழக்கமாக நோயில்லாத ஆரோக்கியமானவர்களிடம், சில பத்துப் பேரிடம், ஒரே ஒரு வேளை மருந்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றப்படும். கல்லீரல் பாதித்தவர்களின் உடல் அந்த மருந்தை எப்படிக் கையாள்கிறது என்று அறிவதற்காக ஒரே மாத்திரையைக் கொடுத்து, இரண்டு மூன்று நாள் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பது இன்னொரு வகை. இதில் நோய்க்குப் பலன் கிடைக்க வாய்ப்பே கிடையாது, அதை எதிர்பார்த்து யாரும் சேரக் கூடாது. நோயாளிகளுக்குச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்து, கல்லீரல் கொழுப்பும், கல்லீரல் பாதிப்பை ரத்தத்தில் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவும் குறைகின்றனவா என்று பார்ப்பது மூன்றாவது வகை. நம் நாட்டு விதிகளின்படி, வெளிநாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தை மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் சோதனையை இங்கே நடத்த வழக்கமாக அனுமதிப்பதில்லை. பிற நாட்டில் எடுக்கப்பட்ட முதற்கட்டத் தரவு கையில் இருக்க வேண்டும். எனவே உங்களிடம் கேட்கப்பட்டது, இந்தியாவிலேயே உருவான மருந்தாக இருக்கலாம், அல்லது நான் சொன்ன இரண்டாவது, மூன்றாவது வகைகளில் ஒன்றாக இருக்கலாம். இந்த மூன்றுக்கும் ஆபத்தின் அளவு ஒன்றல்ல. உங்கள் அப்பாவுக்கு முன் எத்தனை பேர் இந்த மருந்தை எடுத்திருக்கிறார்கள், அவர்களில் கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் எத்தனை பேர், மிக நீண்ட காலம் எடுத்தவர் எத்தனை நாள் எடுத்தார் என்று கேளுங்கள். அந்த மூன்று எண்களைச் சொல்லத் தயங்குகிற ஆய்வுக் குழுவோடு மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும்பாலானவை குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போய், அங்கே ஒரு பங்கு சிதைக்கப்பட்ட பிறகே உடல் முழுவதும் பரவுகின்றன. சுருங்கிய கல்லீரலில் அந்தச் சிதைக்கும் வேலை குறைகிறது. அதோடு, குடலிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் நுழையாமலே பக்கவழியாகச் சுற்றிப் போய்விடுகிறது. கல்லீரல் உண்டாக்கும் ஆல்புமின் குறைவதால், மருந்தைப் பிடித்துவைக்கும் புரதமும் ரத்தத்தில் குறைவு. இந்த மூன்றும் சேரும்போது, ஆரோக்கியமானவருக்கு அளவான மாத்திரை இவருக்குப் பல மடங்கு ஏறிவிட முடியும். இது வெறும் ஊகம் அன்று. ஒபெடிகோலிக் அமிலம் என்ற மருந்து, பித்தநாளங்களைத் தாக்கும் ஒரு நாள்பட்ட கல்லீரல் நோய்க்காக 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கல்லீரல் மிகவும் நலிந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை என்று தொடங்க வேண்டிய அதைச் சிலருக்குத் தினமும் கொடுத்ததால் கல்லீரல் செயலிழப்பும் இறப்பும் நேர்ந்தன. 2017இல் எச்சரிக்கை, 2018இல் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை, 2021இல் முற்றிய சுருக்கம் உள்ளவர்களுக்குத் தடை என்று படிப்படியாக இறுக்கி, 2025இல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. அனுமதி பெற்ற மருந்துக்கே இந்த நிலை என்றால், அளவு இன்னும் முடிவாகாத மருந்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று பாருங்கள். உங்கள் அப்பாவின் சுருக்கம், கல்லீரல் எவ்வளவு நலிந்திருக்கிறது என்று காட்டும் சைல்டு-பியூ கணக்கில் ஏ, பி, சி என்ற மூன்றில் எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால், மூன்றில் லேசானதான ஏ பிரிவாகவே இருக்கக்கூடும். மஞ்சள் காமாலையில் ஏறும் பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைக் காணாமல் அதை உறுதி செய்ய முடியாது.

முதல் அளவை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். விலங்குகளில் தீங்கு தெரியாத உச்ச அளவைக் கண்டறிந்து, உடற்பரப்பை வைத்து அதை மனித அளவாக மாற்றி, அதிலும் குறைந்தது பத்தில் ஒரு பங்காகக் குறைத்துத் தொடங்குவது பொதுவான முறை. உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டுகிற வகை மருந்துகளுக்கு அந்தக் கணக்குப் போதாது என்பது 2006 மார்ச்சில் லண்டனில் தெரிந்தது. டி.ஜி.என். 1412 என்ற மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சுமார் பத்து நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள்; முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கக் காத்திருக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அறுவரும் கடுமையாக நோயுற்று, உறுப்புகள் செயலிழக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். அறுவரும் உயிர் பிழைத்தார்கள் என்றாலும், அதன் பிறகுதான் முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, போதிய நேரம் கவனித்து, பிறகே மற்றவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் வலுப்பெற்றது. உங்கள் ஆய்விலும் அப்படி முதல் ஆளைக் கவனிக்கும் இடைவெளி உண்டா, உங்கள் அப்பா அந்த வரிசையில் எத்தனையாவது என்று கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனிச் சோதனை எலி என்ற சொல்லுக்கு வருகிறேன். நம் குன்னூரில் உண்மையாகவே எலிகளை வைத்து உலகம் கவனித்த ஆய்வுகள் நடந்தன. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1920களில் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து, கோதுமையும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் வளர்ந்ததையும், பெரும்பாலும் அரிசியே ஆன உணவை உண்ட எலிகள் நலிந்ததையும் காட்டினார்; அந்த ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அந்த எலிகள் கற்றுக்கொடுத்தது நிறைய. ஆனால் எலி சொல்லாமல் விட்டதை மனிதன் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று, கல்லீரல் மருந்து ஆய்விலேயே இருக்கிறது. நாள்பட்ட கல்லீரல் நோய்க்கான எந்த ஆய்விலும் கையெழுத்திடும் முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஃபியாலூரிடின் என்பது ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு எதிராக உருவான மருந்து. எலி, நாய், குரங்கு ஆகியவற்றில் கொடுத்தபோது பெரிய கேடு எதுவும் தெரியவில்லை. நோயாளிகளிடம் இரண்டு வாரம், நான்கு வாரம் என்று கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகளில் கிருமியின் அளவு வேகமாக இறங்கியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். 1993இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பதினைந்து நோயாளிகளுக்கு நீண்ட காலம் கொடுக்கும் ஆய்வு தொடங்கியது. பதின்மூன்றாவது வாரத்தில் ஒருவருக்குத் திடீரென்று கல்லீரல் செயலிழந்து, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது. உடனே அனைவருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். நிறுத்தியும், அடுத்த வாரங்களில் மேலும் சிலர் அதே நிலைக்குப் போனார்கள். ஏழு பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, ஐவர் இறந்தார்கள், இருவர் மாற்றுக் கல்லீரலால் பிழைத்தார்கள். மருந்து உயிரணுவின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து, அதன் மரபுப் பொருளைச் சிதைத்திருந்தது. மனித உயிரணுவில் அந்த அறையின் சுவரிலேயே இம்மருந்தை உள்ளே கொண்டுபோகும் புரதம் ஒன்று இருக்கிறது என்றும், எலியில் அந்த இடத்தில் அது இல்லை என்றும் பின்னாளில் கண்டறிந்தார்கள். அங்கே பணியாற்றியவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். உலகின் தலைசிறந்த கல்லீரல் மருத்துவர்கள். நோயாளிகளுக்கு முதலில் தோன்றிய குமட்டலும் சோர்வும் நாள்பட்ட கல்லீரல் நோயிலேயே வரக்கூடியவை என்பதால், மருந்தின் தீங்கு நோயின் நிழலில் மறைந்து நின்றது. அதனால்தான் நான்கு வாரம் பாதுகாப்பாக இருந்தது என்று ஒருவர் சொன்னால், அது நான்கு வாரத்துக்கு மட்டுமே சான்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்திய பின் எத்தனை வாரம் உங்கள் அப்பாவை அழைத்துப் பரிசோதிப்பார்கள் என்பதும் அந்தக் காரணத்தாலேயே முக்கியமான கேள்வி.

இன்று இதைக் கண்காணிக்க ஒரு விதி இருக்கிறது. ஹைமன் சிம்மர்மேன் என்ற மருத்துவர் கவனித்துச் சொன்னது அது. வேறு காரணமின்றி, ஒரு மருந்தால் எஸ்.ஜி.பி.டி. இயல்பின் உச்ச வரம்பைப் போல் மூன்று மடங்கைத் தாண்டி, கூடவே பிலிருபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால், அப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கல்லீரல் முற்றாகச் செயலிழக்கும் ஆபத்து உண்டு. ஆனால் உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு எஸ்.ஜி.பி.டி. ஏற்கெனவே கூடுதலாக இருக்கலாம் என்பதால், அவருடைய சொந்தத் தொடக்க அளவோடு ஒப்பிட்டே நிறுத்தும் வரம்பை எழுதியிருக்க வேண்டும். எந்த எண்ணைத் தொட்டால் மருந்தை நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். அது ஆய்வுத் திட்டத்தில் அச்சாகியிருக்கும். இங்கே மலைவாசிகளுக்காக ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாமல் போகலாம். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை கணிசமாக உண்டு. அதில் ரத்த அணுக்கள் உடைவதாலேயே பிலிருபின் ஏறும். அதை முன்பே கண்டறியாமல் ஒருவரைச் சேர்த்தால், ஆபத்து இல்லாதபோது மணி அடிக்கும். உண்மையான ஆபத்து வரும்போது, இவருக்கு எப்போதும் இப்படித்தான் என்று கடந்துவிடுவார்கள்.

நாட்டு மருந்துகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய ஓர் ஆய்வில், குந்தா பக்கத்திலிருந்து வந்த ஒருவருக்கு ஐந்தாவது வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. எட்டு மடங்கு ஏறியது. மூன்று நாள் விசாரித்த பிறகுதான், பக்கத்து வீட்டார் அன்போடு கொடுத்த பெயர் தெரியாத பொடி ஒன்றை அவர் தினமும் காலையில் குடித்து வந்தது தெரிந்தது. மருந்தால் வந்ததா, பொடியால் வந்ததா என்று கடைசிவரை எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மற்றவர்களுக்கும் சில வாரம் மருந்தை நிறுத்திவைத்தோம். அவர் மறைக்கவில்லை. வேறு மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டோமே தவிர, பொடி, கஷாயம், லேகியம் என்று பெயர் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. சீந்தில் கொடியை அளவின்றி உட்கொண்டதால் கல்லீரல் அழற்சி வந்ததாக 2021 முதல் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்பா எதை எடுத்தாலும் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பலன் இருக்குமா என்ற கேள்விக்கு, தொடக்க ஆய்வின் நல்ல செய்தியை நம்புவதில் பொறுமை வேண்டும் என்பதே என் பதில். நம் கீழாநெல்லியே இதற்குச் சான்று. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லி வகைச் செடி ஒன்றைக் கிருமி சுமப்பவர்களுக்கு முப்பது நாள் கொடுத்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 59 விழுக்காட்டினரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4 விழுக்காடு மட்டுமே. நாடெங்கும் நம்பிக்கை பிறந்தது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதே போல, கொழுப்புக் கல்லீரலில் ஏற்படும் தழும்பைக் குறைக்கும் என்று நம்பப்பட்ட செலோன்செர்டிப் என்ற மருந்து, 72 பேரிடம் நடந்த சிறு ஆய்வில், ஒரு குறிப்பிட்ட மருந்தளவு பெற்றவர்களில் 43 விழுக்காட்டினருக்குத் தழும்பு குறைந்ததாகக் காட்டியது. 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில், 2019இல், வெற்று மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை என்று முடிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குத் தழும்பு ஒரு படி குறைகிறது. ஆய்வில் சேர்ந்தபின் உணவிலும் நடையிலும் அவர்கள் காட்டும் அக்கறையும், கல்லீரலில் ஊசியால் எடுக்கும் துணுக்கு இடத்துக்கு இடம் வேறுபடுவதும் இதற்குக் காரணங்களாக இருக்கக்கூடும்.

அப்படியானால் இன்று உறுதியாக என்ன இருக்கிறது? ரெஸ்மெடிரோம் என்ற மருந்து கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்காக 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 966 பேரிடம் நடந்த ஆய்வில், அதிக அளவு எடுத்தவர்களில் சுமார் 26 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கும் தழும்பு குறைந்தது. செமாகுளுடைடு ஊசிக்கு 2025 ஆகஸ்டில் இதே நோய்க்கு அங்கே அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் உருவான சாரோகிளிடசார் 2020 முதல் இங்கே இந்த நோய்க்கு அனுமதி பெற்றிருக்கிறது. ஆனால் இந்த அனுமதிகள் எல்லாம் சுருக்கத்துக்கு முந்தைய நிலைக்கே உரியவை. உங்கள் அப்பாவின் நிலை அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆய்வுகள் நடப்பதற்கும், உங்கள் மருத்துவர் அவரை நினைத்ததற்கும் அதுதான் நியாயமான காரணம் என்று கருதுகிறேன். உடல் எடை கூடுதலாக இருந்து, அதில் ஏழு முதல் பத்து விழுக்காடு குறைந்தால் கல்லீரல் அழற்சியும், பலருக்குத் தழும்பும் குறைகின்றன என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆனால் சுருக்கம் வந்தவர் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் தசை கரைந்துவிடும். ஆகவே புரதம் குறையாமல், மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

சட்டம் உங்களுக்குத் தரும் பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, நாட்டில் நடக்கும் ஒவ்வொரு ஆய்வும் தொடங்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே பார்க்கலாம். குறைந்தது ஏழு பேர் கொண்ட நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். அதில் மருத்துவர்கள் மட்டுமின்றி, சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இருப்பார்கள். அப்பாவுக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தர வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற ஒரு சாட்சியின் முன் படித்துக் காட்ட வேண்டும். தீவிரமான பாதகம் நேர்ந்தால், ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம். ஆய்வால் இறப்பு நேர்ந்தால், 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் நிலையையும் கணக்கிட்டு இழப்பீடு வழங்கப்படும். எந்த நாளும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. தகவல் தாளை அங்கேயே கையெழுத்திடச் சொன்னால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள். எலிக்கும் உங்கள் அப்பாவுக்கும் உள்ள வேறுபாடு இந்த வார்த்தையில் இருக்கிறது.

விதிப் புத்தகம் கணக்கில் எடுக்காத ஒன்று, நம் மலை. ஆய்வு நடப்பது கோவையில். அவர் இருப்பது கோத்தகிரியில். பகலில் மேட்டுப்பாளையம் வழியாக இரண்டு இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில், இரவில், மரம் விழுந்தோ மண் சரிந்தோ பாதை அடைபட்டால் அந்தக் கணக்கு எதற்கும் உதவாது. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவுகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் சமவெளியில் இருந்தபோது, ஒருவரின் ரத்த அறிக்கை மாலை ஆறு மணிக்கு அபாய எண்ணோடு வந்தது. அவர் மலையில் கைப்பேசிச் சமிக்ஞை எட்டாத, தோட்டத் தொழிலாளர்களுக்கான ஒரு லைன் வீட்டில் இருந்தார். மறுநாள் காலை எஸ்டேட் அலுவலகத்தின் வழியாகத்தான் தகவல் போய்ச் சேர்ந்தது. அந்த இரவில் அவர் இன்னொரு வேளை மருந்தை விழுங்கியிருந்தார். நல்லவேளையாக எதுவும் ஆகவில்லை, ஆனால் அந்த இரவு எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. ஆகவே முதல் சில நாட்கள் மருத்துவமனையிலேயே தங்கவைப்பார்களா, அதன் பிறகு வாரந்தோறும் எடுக்கும் ரத்தத்தை இங்கேயே எடுத்து அனுப்ப ஏற்பாடு உண்டா, இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் எடுக்கிற மருத்துவரின் எண் எது, பாதை அடைபட்டால் முதலில் எங்கே சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல் திறக்கப்பட்டிருக்கிறது. அங்குள்ளவர்களுக்குக் காட்ட, மருந்தின் குறியீடும் ஆய்வாளரின் எண்ணும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்றை அப்பா எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். சேர்வது என்று முடிவானால், மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு தொடங்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். சில ஆய்வுகளில் அந்த நெகிழ்வு உண்டு.

என் சொந்த எண்ணத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். அது ஒரே மாத்திரை கொடுத்து அளவு பார்க்கும் ஆய்வாக இருந்து, தனக்குப் பலன் இல்லை என்று தெரிந்தே, பிறருக்கு உதவட்டும் என்று அப்பா விரும்பினால், மருத்துவமனையில் தங்கி அதைச் செய்வதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். பல வாரம் கொடுக்கும் ஆய்வாக இருந்து, சுருக்கம் உள்ளவர்கள் யாரும் அதற்கு முன் அந்த மருந்தை எடுத்ததில்லை என்றால், என் அப்பாவாக இருந்தால் காத்திருக்கச் சொல்வேன். முன்பே அவரைப் போன்ற பலர் எடுத்திருந்து, மேலே சொன்ன கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைத்தால், முடிவு அவருடைய விருப்பத்தைப் பொறுத்தது. நீங்கள் எழுதியதில் அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையே பேசவிடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், சுருக்கம் வந்த கல்லீரலில் புற்று தோன்றுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். உணவுக்குழாய் ரத்த நாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்பதற்கு எண்டோஸ்கோபி தேவையா என்றும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நீங்கள் எழுதியதில் ஃபைப்ரோஸ்கேன் மட்டுமே இருக்கிறது, அதுவும் சென்ற ஆண்டினது. அப்பாவின் கோப்பை எடுத்துக் கடைசி வயிற்று ஸ்கேனின் தேதியைப் பாருங்கள். ஆறு மாதம் கடந்திருந்தால், ஆய்வு பற்றிய முடிவுக்குக் காத்திராமல் இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.